சிலோன் 3 சதம் சிவனொளிபாத மலை: துளையளவு கேட்லாக்கோடு பொருந்தவில்லை

கேள்வி: தேயிலைப்பேரன்

வணக்கம். எங்கள் தாத்தா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அங்கிருந்து சங்கரன்கோவிலுக்கு அவர் எழுதிய கடிதங்களை ஆச்சி ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். 1938-இல் தொடங்கி 1950 வரையிலான கடிதங்கள், பெரும்பாலும் உறையோடு இருக்கின்றன. உறைகளில் அதிகம் ஒட்டியிருப்பது ஆறாம் ஜார்ஜ் தலையும் சிவனொளிபாத மலையும் உள்ள 3 சதத் தபால்தலை. கறுப்பும் கரும்பச்சையும் கலந்தது. முப்பதுக்கும் மேல் தேறும்.

ஒரே படம், ஒரே நிறம், ஒரே விலை. ஆனால் ஓரத்துப் பற்களை எண்ணினால்தான் எது எந்த ஆண்டு அச்சு என்று தெரியும் என்று தபால்தலைக் கேட்லாக்கில் படித்தேன். இணையத்திலிருந்து துளை அளக்கும் கேஜ் (2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்று காட்டும் அளவுத் தாள்) ஒன்றை இறக்கி, ஒளிபுகும் தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு தபால்தலை மேலும் வைத்துப் பார்த்தேன். கிடைத்த அளவுகள் இவை. ஒரு கூட்டம் நான்கு பக்கமும் 13. இன்னொரு கூட்டம் மேலே 11, பக்கவாட்டில் 10½. மூன்றாவது கூட்டம் நான்கு பக்கமும் 11½. தனியாக ஒன்றே ஒன்று மட்டும் நான்கு பக்கமும் 13½.

இவற்றில் கேட்லாக்கில் இருப்பது கடைசி 13½ மட்டும்தான். 13×13 இல்லை, 11×10½ இல்லை, 11½×11½ இல்லை. இவை தவிர, உறையில்லாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒட்டிய 50 சதம் காட்டு யானை ஒன்றும் இருக்கிறது. அது மேலே 12½, பக்கவாட்டில் 11 காட்டுகிறது. அதுவும் பட்டியலில் இல்லை. நான் அளக்கும் முறையில் கோளாறா, அல்லது இவை வேறு ஏதாவது அச்சா?

பதில்: ஒட்டுப்பசை

நண்பரே, உறையில் ஒட்டிய நிலையில் பற்கள் தெளிவாகத் தெரியாது. பழுப்பேறிய உறையும் பழுப்பேறிய பற்களும் ஒன்றாகத்தான் தோன்றும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, உலர்த்தி, கறுப்பு அட்டையின் மேல் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் பட்டியலில் இல்லாத அளவே வந்தால், யாரும் பதிவு செய்யாத வகையாகக்கூட இருக்கலாம். அரிய பொருளாகவும் அமையலாம்.

பதில்: கண்டி ரயில்

தம்பி, அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். அந்த உறைகளில் ஒன்றையும் தண்ணீரில் போடாதீர்கள். மேலே எழுதிய நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் உங்கள் கேள்விக்கான சாட்சியே உறையில்தான் இருக்கிறது. தபால்தலை மேல் விழுந்த முத்திரையின் மீதிப் பாதி உறையின் மேல் இருக்கும். ஊரும் தேதியும் அந்த இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் முழுதாகப் படிக்கக் கிடைக்கும். பிரித்து எடுத்துவிட்டால் உங்கள் கையில் மிஞ்சுவது ஆயிரக்கணக்கில் கிடைக்கும் ஒரு 3 சதம். அதோடு, ஈரம் பட்ட காகிதம் விரியும், காயும்போது சுருங்கும். அளவு கேட்டு வந்த இடத்தில் அளவையே அசைத்துவிடக் கூடாது.

இனி உங்கள் எண்களுக்கு வருகிறேன். ஆறாம் ஜார்ஜ் காலத்து 3 சதத்துக்கு ஆறு துளையளவுகள் உண்டு: 13×11½, 13×13½, 13½, 14, 11½×11, 12. நீங்கள் எழுதிய எண்களை இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 13½ இருக்க வேண்டிய இடத்தில் உங்களுக்கு 13. 12-க்குப் பதில் 11½. 11½×11-க்குப் பதில் 11×10½. எல்லாமே ஒரே பக்கமாக அரை அரை குறைந்திருக்கின்றன. தபால்தலைகள் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு இயந்திரங்களில் துளையிடப்பட்டவை. அவை அத்தனையும் சேர்ந்து ஒரே அளவு விலக வழியே இல்லை. விலகியிருப்பது உங்கள் கேஜ்.

கணினியிலிருந்து அச்சிடும்போது 'பக்கத்துக்குள் அடக்கு' என்ற அமைப்பு தானாகவே இயங்கியிருக்கும். அது படத்தைக் கொஞ்சம் சுருக்கிவிடும். கேஜ் தாளின் ஓரத்தில் 10 சென்டிமீட்டர் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதன் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 9.6 சென்டிமீட்டர் இருக்கும் என்று நினைக்கிறேன். துளையளவு என்பது 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்ற கணக்கு. 2 சென்டிமீட்டர் என்று உங்கள் தாள் சொல்வது உண்மையில் 19.2 மில்லிமீட்டர் என்றால், எண்ணும் அதே விகிதத்தில் குறையும். 13½-ஐ 0.96-ஆல் பெருக்கினால் 12.96, கேஜில் அது 13 என்று தெரியும். 12 என்பது 11.52 ஆகும், 11½ என்று தெரியும். 11½×11 என்பது 11.04-உம் 10.56-உம் ஆகும், 11×10½ என்று தெரியும். நீங்கள் அளந்தது துல்லியமாகவே இருக்கிறது. அளவுகோல்தான் சிறுத்துவிட்டது.

இப்போது, பட்டியலோடு பொருந்துகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒற்றைத் தபால்தலையைப் பாருங்கள். சுருங்கிய கேஜில் 13½ காட்டுவது உண்மையில் 13½ ஆக முடியாது. 14-ஐ 0.96-ஆல் பெருக்கினால் 13.44. அது 14. உங்கள் 3 சதங்களில் தேடிப் பிடிக்க வேண்டியது அதுதான். பட்டியலில் சரியாக அமர்ந்துவிட்டது என்று சாதாரணக் கூட்டத்தோடு சேர்த்து வைத்துவிடாதீர்கள், தனியே எடுத்து வையுங்கள்.

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். கேஜே இல்லாமல் ஸ்கேலை வைத்துச் சரிபார்க்கலாம். நீண்ட பக்கத்தில், பற்களுக்கு நடுவே உள்ள ஏதாவது ஒரு பள்ளத்தின் நடுவில் தொடங்கி, அதிலிருந்து 18 இடைவெளி தள்ளியிருக்கும் பள்ளத்தின் நடுவரை அளந்து கொள்ளுங்கள். தொடங்கும் பள்ளத்தைச் சேர்த்து எண்ணினால் அது பத்தொன்பதாவது பள்ளம். துளையளவு 12 என்றால் அந்தத் தூரம் சரியாக 30 மில்லிமீட்டர். 13½ என்றால் 26.7, 14 என்றால் 25.7. 13 என்றால் 27.7 இருக்கும், 11½ என்றால் 31.3. 13½-க்கும் 14-க்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் முழுதாக இருக்கிறது. பழக்கமில்லாத கண்ணுக்கும் அது தெரியும். குட்டைப் பக்கத்துக்கு 10 இடைவெளி போதும். 13½ என்றால் 14.8 மில்லிமீட்டர், 11½ என்றால் 17.4. வேறு எண்ணிக்கையில் அளந்தால் இடைவெளிகளை 20-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள்.

எழுதும் ஒழுங்கையும் மறக்கக் கூடாது. முதல் எண் மேல், கீழ் ஓரங்களுக்கு. இரண்டாவது எண் இடம், வலம் ஓரங்களுக்கு. நான்கும் ஒன்றானால் ஒரே எண் எழுதுவார்கள். தபால்தலை படுத்திருந்தாலும் நின்றிருந்தாலும், படத்தை நேராகப் பார்க்கும் நிலையில்தான் இந்தக் கணக்கு.

ஒரே தபால்தலைக்கு ஆறு அளவு ஏன் என்று உங்களுக்குத் தோன்றும். முதல் ஆண்டான 1938-இலேயே 13×11½, 13×13½, 13½ மூன்றும் வந்துவிட்டன. அதன் பின் போர். லண்டனில் இந்த 3 சதத்தையும் 50 சதத்தையும் அச்சிட்ட டி லா ரூ அச்சகம் 1940 டிசம்பர் 29 இரவுக் குண்டுவீச்சில் பெரும் சேதம் அடைந்தது. வேலைகள் வேறு அச்சகங்களின் கைக்கும் போயின. அச்சகம் மாறினால் துளை போடும் இயந்திரமும் மாறும். 3 சதத்தில் 14 அளவு 1941-இல் வந்தது, 11½×11 அளவு 1942-இல், 12 அளவு 1946-இல். ஆக, ஒரு தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ஹட்டன் தபால் கந்தோரில் வாங்கி ஒட்டிய தபால்தலையின் ஓரத்தில், லண்டனில் நடந்த போர் பதிந்திருக்கிறது. இந்தத் தொடரை நான் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான்.

இதையே சோதனையாகவும் பயன்படுத்துங்கள். 11½ என்று நீங்கள் எழுதிய கூட்டம் உண்மையில் 12 என்றால், அந்த உறைகளில் ஒன்றின் முத்திரையும் 1946-க்கு முந்தியதாக இருக்கக் கூடாது. 11×10½ கூட்டத்தில் 1942-க்கு முந்தியது இருக்கக் கூடாது. ஒரே ஒரு முத்திரை மாறி வந்தாலும் என் கணக்கு தவறு. உறைகளைப் பிரிக்க வேண்டாம் என்று நான் மன்றாடியது இதற்காகத்தான்.

50 சதம் யானைக்கும் அதே ஆறு அளவுகள்தான். மேலே 12½, பக்கவாட்டில் 11 என்பதைத் திருத்தினால் 13×11½ வருகிறது. அப்படியானால் அது முதல் ஆண்டுத் துளை, கொண்டாட வேண்டியதே. இரண்டு மதிப்பிலும் ஆறில் அரியது 13×13½. அதற்கும் சாதாரண 13½-க்கும் வேறுபாடு மேல், கீழ் ஓரங்களில் வெறும் அரை அளவு. 13½ என்று முடிவு செய்த ஒவ்வொன்றிலும் இரண்டு ஓரங்களையும் தனித்தனியே அளந்துவிடுங்கள்.

இன்னொன்று. தலை ஆறாம் ஜார்ஜ் தானா என்று பாருங்கள். 1935-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் தொடரிலும் 3 சதத்தில் சிவனொளிபாத மலையும் 50 சதத்தில் யானையும் உண்டு. தாடி வைத்த ராஜா என்றால் அது வேறு தொடர், அதன் துளைக்கணக்கும் வேறு.

பதில்: தென்காசித் தபால்

கண்டி ரயில் ஐயா சொன்ன ஸ்கேல் முறைக்கு ஒரு துணை. உறையைத் தொட்டுத் தொட்டு அளப்பதைவிட ஸ்கேனரில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து ஒரு முறை படம் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு உறை பெட்டிக்குள் பத்திரமாக இருக்கட்டும், அளவெல்லாம் திரையில் எடுக்கலாம். அதே 18 இடைவெளிக்கு 12 அளவு என்றால் 709 பிக்சல் வரும், 13½ என்றால் 630, 14 என்றால் 607. 23 பிக்சல் வித்தியாசத்தை யாரும் தவறவிட மாட்டார்கள். ஸ்டீல் ஸ்கேலையும் உறைக்குப் பக்கத்தில் வைத்து ஸ்கேன் செய்துவிடுங்கள். ஸ்கேனரே அளவைச் சுருக்கினால் அதுவும் அங்கேயே பிடிபடும்.

2 சென்டிமீட்டர் கணக்கு பாரிஸில் 1866-இல் டாக்டர் லெக்ராண்ட் வகுத்தது. ஆங்கிலேயர் அங்குலத்தில் அளந்த காலத்திலும் தபால்தலை சேகரிப்பவர்கள் மட்டும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டனில் 1854-இல் வந்த முதல் துளைகள் 16 அளவு. துளைகள் நெருக்கமாக இருந்ததால் தாள் தானாகவே பிரிந்து போனது. அடுத்த ஆண்டே 14-க்கு மாற்றினார்கள். பற்களின் எண்ணிக்கை அழகுக்காக வைத்ததல்ல. கிழிப்பதற்கு எளிதாகவும் இருக்க வேண்டும், கையில் எடுக்கும்போதே பிரிந்துவிடவும் கூடாது.

எங்கள் பக்கத்தில் இந்த அளவு அதிகம் உதவுவது 1948 காந்திக்கு. சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவு நாளில் வந்த நான்கு காந்தித் தபால்தலைகளும் சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அச்சானவை, துளையளவு 11½. பத்து ரூபாய் காந்தி என்று யாராவது நீட்டினால் விலை பேசுமுன் ஓரத்தை அளந்து பாருங்கள். 11½ வராவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 11½ வந்தாலும் தாளையும் அச்சையும் பார்க்காமல் காசை எடுக்க வேண்டாம்.

தேயிலைப்பேரன்

ஐயா இருவருக்கும் நன்றி. கேஜ் தாளின் 10 சென்டிமீட்டர் கோடு ஸ்கேலில் 9.6 இருக்கிறது. சுருக்காமல் மறுபடி அச்சிட்டேன். இப்போது முதல் கூட்டம் 13½, இரண்டாவது 11½×11, மூன்றாவது 12 என்று கேட்லாக்கில் உள்ளபடியே அமர்ந்துவிட்டன. 13½ கூட்டத்தை நான்கு ஓரமும் தனித்தனியே அளந்தேன். 13×13½ அதில் இல்லை.

முத்திரைகளையும் வரிசைப்படுத்தினேன். 12 கூட்டத்தில் மிகப் பழையது 1946 நவம்பர். 11½×11 கூட்டத்தில் மிகப் பழையது 1942 ஆகஸ்டு. தனியாக இருந்த ஒன்றை ஸ்கேன் செய்து அளந்தேன், 18 இடைவெளிக்கு 608 பிக்சல் வருகிறது. அந்த உறையின் முத்திரை ஹட்டன், 1942 பிப்ரவரி. தணிக்கை செய்து திரும்ப ஒட்டிய தாளும் உறையின் இடது ஓரத்தில் இருக்கிறது. உள்ளே இருந்த கடிதத்தில் தாத்தா, கொழும்பில் அரிசி கிடைப்பது கடினமாகிறது, ஊருக்கு வர இப்போதைக்கு வழியில்லை என்று எழுதியிருக்கிறார். ஆச்சி அதை இத்தனை காலம் வைத்திருந்ததற்குக் காரணம் தபால்தலை இல்லை என்று புரிகிறது.

50 சதம் யானை புதிய கேஜில் 13×11½ காட்டுகிறது. முத்திரையில் 38 என்பது மட்டும் தெரிகிறது.

ஒரு சந்தேகம். அந்த 14 அளவுத் தபால்தலையின் இடது மேல் மூலையில் உள்ள பல் மற்ற மூலைகளைவிடத் தடிமனாக, கோணலாக இருக்கிறது. கிழிந்ததா, அல்லது யாராவது ஓரத்தைச் செதுக்கியிருப்பார்களா?

கண்டி ரயில்

அந்த முத்திரைத் தேதிகளைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது, தம்பி. கேஜும் ஸ்கேலும் முத்திரையும் ஒரே விடை சொல்கின்றன. இனி யாரும் அதை அசைக்க முடியாது.

மூலைப் பல்லைப் பற்றிக் கவலை வேண்டாம். துளை போடும் இயந்திரத்தில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, ஒரு வரிசைத் தபால்தலைகளுக்கு மேல் ஓரத்தையும் பக்கவாட்டு ஓரங்களையும் ஒரே அடியில் குத்துவது. ஊசிகள் சீப்பின் வடிவில் இருக்கும். அதில் மூலைக்கு ஒரு துளை பொதுவாக விழும், எல்லா மூலைகளும் ஒரே மாதிரி அமையும். இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரே நேர்வரியைக் குத்துவது. தாளை முதலில் ஒரு திசையில் முழுதும் குத்தி, பிறகு திருப்பி மறு திசையில் குத்துவார்கள். குறுக்கு வரியும் நெடுக்கு வரியும் சந்திக்கும் இடத்தில் துளைகள் எப்படி வேண்டுமானாலும் விழும். ஒரு மூலையில் தடித்த பல், அடுத்த மூலையில் இரண்டு துளைகள் ஒன்றின் மேல் ஒன்றேறி மெலிந்த பல். உங்களுடையது இந்த இரண்டாம் வகையாகத் தெரிகிறது. செதுக்கியிருந்தால் தபால்தலையின் அகலமோ உயரமோ மற்றவற்றைவிடக் குறைந்திருக்கும். 13½ கூட்டத்தில் ஒன்றை ஸ்கேனில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உறையின் மேல் முத்திரை விழுந்த நிலையில் யாரும் ஓரத்தைச் செதுக்க உட்கார மாட்டார்கள்.

உறையை அமிலமில்லாத ஒளிபுகும் உறைக்குள் போட்டுப் படுக்க வைத்து விடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் பையும் செலோடேப்பும் பக்கத்திலேயே வரக் கூடாது. தணிக்கைத் தாளைப் பிரித்துப் பார்க்க ஆசை வரும், பிரிக்காதீர்கள். கடிதத்தையும் உறையையும் பிரித்து வெவ்வேறு இடத்தில் வைக்காதீர்கள். குறிப்பு எழுதுவதானால் தனித் தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள்: 3 சதம், துளை 14, ஹட்டன், 1942 பிப்ரவரி, தணிக்கை செய்தது.

பெட்டியில் 2 சதம் இருக்கிறதா? ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் படம், கறுப்பும் சிவப்பும். அது நெட்டுவாக்கில் நிற்கும் தபால்தலை என்பதால் எண்கள் தலைகீழாக வரும். 3 சதத்தில் 13×11½ என்று பார்த்தது இங்கே 11½×13 ஆகும், 11½×11 என்பது 11×11½ ஆகும். 12 அளவு 2 சதத்தில் 1949-இல்தான் வந்தது, அதாவது இலங்கை சுதந்திரம் அடைந்த பிறகும் ராஜா தலையோடு. உங்கள் தாத்தாவின் கடைசிக் கடிதங்களில் அது ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. இதில் தேட வேண்டியது 13½×13. சாதாரண 13½-இலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது பக்கவாட்டு ஓரங்கள் மட்டும். அங்கே 18 இடைவெளிக்கு 27.7 மில்லிமீட்டர் வந்தால், ஸ்கேலோடு சேர்த்து ஸ்கேன் எடுத்து இங்கே போடுங்கள். நானும் அளந்து பார்க்கிறேன்.